கூரைமேல் ஆபிரகாம்

2019 ஜூன் 15, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஓஸ்டர்வார்ட் நகரின் தெற்கு ஏரிக்கரையில் மிதந்துகொண்டிருந்த ஒரே வீட்டின் சாய்வு 0.2 டிகிரி.

வீட்டின் நடையில், மேலங்கி மாட்டும் கொக்கிகளுக்கு நடுவே, சிவப்பு எண்கள் எரியும் ஒரு சிறிய பெட்டி இருந்தது. வீடு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பத்து விநாடிக்கு ஒருமுறை அளந்து நகராட்சிக்கு அனுப்புவது அதன் வேலை. ஒப்பந்தம் எளிமையானது. மாதிரியாகக் கட்டிய இந்த ஒரே வீட்டில் ஒரு குடும்பம் ஓராண்டு குடியிருக்க வேண்டும். சாதாரண வீட்டுப் பயன்பாட்டில் சாய்வு ஒருமுறைகூட இரண்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டால், அதே ஏரியில் எழுபத்து நான்கு மிதக்கும் வீடுகள் கட்டும் திட்டம் நகர மன்றத்தின் வாக்கெடுப்புக்குப் போகும். தாண்டினால் திட்டம் அத்தோடு முடிந்தது. முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களில் பதிவான அதிகபட்சச் சாய்வு 1.3. அது பியானோ வந்து இறங்கிய நாள். இந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆண்டு முடிகிறது.

வீட்டை வடிவமைத்தவர் வீட்ஸ்கெ டோல்ஸ்மா. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து வெளியே வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் அறுபத்தொரு போட்டிகளுக்கு வரைந்து அனுப்பி ஒன்பதில் பரிசு வாங்கியிருந்தார். பரிசு வாங்கியவற்றில் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. கட்டப்பட்டவற்றில் ஒன்றுகூடப் பரிசு வாங்கவில்லை. கட்டப்பட்டவை என்று பார்த்தால் ஒரு ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தம், நீரேற்று நிலையம் ஒன்றின் மேல்மூடி, ஒரு நூலகத்தின் பின்பகுதி, ஒரு புறநகர்ச் சதுக்கம், அக்காவின் வீடு. முழுக் குடியிருப்புகள் மூன்றுக்குத் திட்டம் வரைந்தார். இரண்டு பொருளாதார நெருக்கடியில் போயின. மூன்றாவது, அந்த நிலத்தில் ஓர் அரிய வகைத் தவளை கண்டுபிடிக்கப்பட்டதால் நின்றுபோனது. தவளையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். மரியாதையாகத் தகவல் கொடுத்தார்.

அந்தச் சதுக்கத்தைப் பற்றித் துறையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். குளத்தைச் சுற்றி அழகாக வளைந்து போகும் கல் பாதை ஒன்றை வரைந்திருந்தார். திறப்பு விழா முடிந்து பதினைந்து நாளில் மக்கள் புல்வெளியின் குறுக்கே நேராக நடந்து சேற்றில் ஒரு தடம் போட்டுவிட்டார்கள். நகராட்சி வேலி போட வந்தது. வீட்ஸ்கெ ஒரு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தன் கல் பாதையைப் பெயர்த்து அந்தச் சேற்றுத் தடத்தில் போடச் சொன்னார். அப்படியே போட்டார்கள்.

மிதக்கும் குடியிருப்பு நான்காவது திட்டம். இதுவும் போனால் ஆகஸ்டில் அலுவலகத்தை மூடுவதாக முடிவு செய்திருந்தார். அலுவலகம் என்பது சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் அவரும் பொறியாளர் ரீங்க்கும். பத்தொன்பது ஆண்டுகளாக வீட்ஸ்கெ வரைவதையெல்லாம் ரீங்க் கணக்குப் போட்டு, ஏன் நிற்காது என்று விளக்குவார். பிறகு நிற்க வைப்பார்.

மாதிரி வீட்டுக் கணக்கில் அவர்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். ஆள் பாரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பது.

"முப்பது பேர் வந்தா எங்க நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் ஒரே பக்கம் போனா?" என்றார் ரீங்க்.

"ஏன் போறாங்க? நம்ம ஊர்ல முப்பது பேர் எப்ப ஒரு வீட்டுக்கு வருவாங்க? பிறந்தநாளுக்கு. வந்து என்ன செய்வாங்க? சுவரோரமா வட்டமா நாற்காலி போட்டு உக்காருவாங்க. மூணு மணி நேரம் அசைய மாட்டாங்க. இதைவிட ஒழுங்கான பாரம் உலகத்துல எங்க கிடைக்கும்?"

ரீங்க் சிரித்தார். ஆனால் கணக்கில் அப்படியே எழுதினார்: முப்பத்திரண்டு பேர், வட்டமாக.

மாதிரி வீட்டில் குடியேறியவர் கெர்பிரந்த், பேருந்து ஓட்டுநர். நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளன்று குடிவந்தார். ஆகவே கடைசி நாள் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள்.

ஐம்பதைத் தொட்ட ஆண் பைபிளில் வரும் கிழவர் ஆபிரகாமைப் பார்த்துவிட்டான், பெண் சாராவைப் பார்த்துவிட்டாள் என்பார்கள் அங்கே. அன்று அவன் வீட்டு முன்னால் தாடியும் கைத்தடியுமாக ஓர் ஆபிரகாம் பொம்மை நிற்க வேண்டும். அவனுக்குத் தெரியாமல் அதைக் கொண்டுவந்து வைப்பது உறவினர்களின் கடமை. எல்லா வீட்டிலும் பொம்மை முன்தோட்டத்தில் நிற்கும். இந்த வீட்டுக்கு முன்தோட்டம் இல்லை. கெர்பிரந்தின் தம்பி டூக்கெ, அண்ணன் கேக் வாங்கப் போன நேரத்தில், வாடகைக்கு எடுத்த காற்றடைத்த பொம்மையுடன் வந்து நின்று யோசித்தான். ஏரி, நடைபாலம், வீடு, மேலே தட்டையான கூரை. கூரைதான் சரி என்று பட்டது.

ஆபிரகாமின் உயரம் ஏழு மீட்டர். மின்விசிறி ஒன்று அவனுக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. ஏரியிலிருந்து கரையை நோக்கி நல்ல காற்று.

பகல் ஒன்றரை மணிக்கு கெர்பிரந்த் வீட்ஸ்கெயைத் தொலைபேசியில் அழைத்தார்.

"உன் வீடு கரையைக் குனிஞ்சு பாக்குது."

"எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ஆறு. என் தம்பி கூரையில ஒரு பாய்மரம் கட்டியிருக்கான். தாடி வெச்ச பாய்மரம்."

வீட்ஸ்கெ எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது ரீங்க் முன்பே வந்து நடைபாலத்தில் நின்றுகொண்டிருந்தார், அண்ணாந்து பார்த்தபடி. ஆபிரகாம் கரையில் நின்ற எல்லோருக்கும் வணக்கம் சொல்வதுபோல் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான்.

"இறக்கச் சொல்லிட்டேன்," என்றார் ரீங்க். "நீயும் ஒரு வார்த்தை சொல்லு."

டூக்கெ காதுவரை சிவந்திருந்தான். "எனக்குத் தெரியாதுங்க. வேணும்னா இப்பவே எடுத்துடறேன்."

விருந்தினர்கள் கரையில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் ஆபிரகாமைப் பார்த்ததும் கத்தினார்கள், கைதட்டினார்கள், செல்போனை நீட்டினார்கள். கெர்பிரந்த் ஓட்டும் பேருந்தில் தினமும் வரும் இரண்டு பயணிகள்கூட வந்திருந்தார்கள்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றார் வீட்ஸ்கெ.

"என்ன, இருக்கட்டுமா?" என்றார் ரீங்க். "இன்னும் மூணு மணி நேரம்! ஐந்து மணிக்கு மேல ஒட்டகத்தையும் சேர்த்துக் கட்டச் சொல்லேன், நானே ஏணி பிடிக்கிறேன்."

"ஐம்பது வயசுக்கு ஆபிரகாம் நிக்க முடியலன்னா அது வீடு இல்ல ரீங்க். ஆய்வுக்கூடம்."

"மூணு மணி நேரம் ஆய்வுக்கூடமா இருந்தா யார் செத்துப்போறாங்க?"

வீட்ஸ்கெ அதற்குள் உள்ளே போய் நாற்காலிகளை எண்ண ஆரம்பித்திருந்தார். வீடு கரைப் பக்கம் சாய்கிறது. ஆட்கள் ஏரிப் பக்கம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். பென்சிலை எடுத்து கேக் பெட்டியின் மூடியிலேயே கணக்குப் போட்டார். போட்டுவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்: "எல்லாரும் மன்னிக்கணும். உங்க எடை எவ்வளவுன்னு தெரியணும்."

வேறு ஊராக இருந்தால் இதற்கு முகம் சுளித்திருப்பார்கள்.

"எண்பத்தொண்ணு."

"அறுபத்தாறு. காலணியோட."

"தொண்ணூத்து நாலு," என்றார் கெர்பிரந்தின் அத்தை பெர்பர்.

"தொண்ணூத்தேழு," என்றார் அவர் கணவர்.

"போன வாரம் தொண்ணூத்து நாலு."

"போன வாரம் நீ தராசுல ஒரு கையால என் தோளைப் பிடிச்சுட்டு நின்னே."

"எழுதிக்க மா, தொண்ணூத்தேழு," என்றார் பெர்பர். "இந்த ஆளுக்கு என்னைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. அதையாவது வெச்சுக்கட்டும்."

பெர்பர் அத்தையை ஏரிப் பக்கக் கண்ணாடிச் சுவரை ஒட்டி, சரியாக நடுவில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் எடைப்படி இருபக்கமும். எண் 1.6-லிருந்து 0.9-க்கு இறங்கியது. ஆனால் கரைப் பக்கம் காலியாக இருந்ததால் அது வட்டமாக இல்லை, அரை வட்டமாக இருந்தது. இதில் பலருக்கு வருத்தம்.

"இது பிறந்தநாள் மாதிரி இல்லையே. டாக்டர் வீட்டுல முறைக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு," என்றார் பெர்பரின் கணவர்.

"உனக்கு எதிர்ல யாரும் இல்லைன்னு சந்தோஷப்படு. யாரையும் வேடிக்கை பாக்காம கேக்கைத் தின்னலாம்," என்றார் பெர்பர்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. காபி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு கேக் வந்தது. பிஸ்கட் டப்பா ஆளுக்கு ஒன்றாக ஒரு சுற்று வந்து மூடிக்கொண்டது. புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் வரிசையில் எல்லோருக்கும் கைகொடுத்து, "உங்க அண்ணனுக்காக வாழ்த்துக்கள்", "உங்க மருமகனுக்காக வாழ்த்துக்கள்", "உங்க டிரைவருக்காக வாழ்த்துக்கள்" என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்ந்தார். ரீங்க் நடையில் பெட்டியின் முன் நின்று எண்ணை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். குண்டான விருந்தினர் கைகொடுத்துக்கொண்டே நகரும்போது வீடும் அவரோடு மெல்ல நகர்வது தெரிந்தது. காபியின் மேல்மட்டம் கோப்பைக்குள் ஒரு பக்கம் ஏறி இறங்கியது. யாரோ சிரிக்க ஆரம்பித்தார். அது அடங்கவே இல்லை.

நான்கு மணிக்கு நகராட்சியில் வீட்டுவசதிக்குப் பொறுப்பான மாக்தெல்ட் வந்தார். கடைசி ஒரு மணி நேரத்தை நேரில் பார்ப்பது அவருடைய கடமை. மிதக்கும் வீடுகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பதை ஓராண்டாக எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவந்தவர். கையில் பூங்கொத்து இருந்தது.

"எல்லாரும் ஏன் ஒரே பக்கம் உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

ரீங்க் வாயைத் திறப்பதற்குள் பெர்பர் சொல்லிவிட்டார். "மேல ஆபிரகாம் காத்துல தள்ளுறான். நாங்க இந்தப் பக்கம் அழுத்துறோம். நீங்க எவ்வளவு?"

"எது எவ்வளவு?"

"எடை."

மாக்தெல்ட் பூங்கொத்தைக் கீழே வைத்தார். "எழுபத்தொண்ணு."

"அப்ப என் பக்கத்துல வாங்க. என் வீட்டுக்காரரை அங்க தள்ளிவிட்டுடலாம்."

வேறு வழியில்லாமல் மாக்தெல்ட் உட்கார்ந்தார். அவர் மடியில் ஒரு துண்டு கேக் வைக்கப்பட்டது.

நாலரைக்குக் காற்று பலத்தது. கூரையில் ஆபிரகாமின் கைத்தடி படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு புள்ளி நாலு," என்றார் ரீங்க். "ஒண்ணு புள்ளி ஏழு. வீட்ஸ்கெ!"

"எல்லாரும் கோப்பையோட எழுந்திரிங்க," என்றார் வீட்ஸ்கெ. "நாற்காலியை ரெண்டடி பின்னாடி. இன்னும். கண்ணாடியோட ஒட்டணும். பின்வரிசை எழுந்து நில்லுங்க."

முப்பத்து மூன்று பேரும் கோப்பையை ஏந்தியபடி, தட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தார்கள்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு!"

கைதட்டல். அடுத்து பெரிய காற்று. "ஒண்ணு புள்ளி ஒன்பது!" பின்வரிசை கண்ணாடியில் முதுகை ஒட்டிக்கொண்டது. கேக்கைப் பிடித்திருந்தவர் கேக்கையும் பின்னால் அனுப்பினார். "ஒண்ணு புள்ளி ஆறு!" கெர்பிரந்த் பிறந்தநாள் தொப்பியுடன் பேருந்தில் சொல்வதுபோலவே கத்தினார்: "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி இடம் இருக்கு!" அந்த இரண்டு பயணிகளுக்கும் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. மாக்தெல்டுக்கும் தோள்கள் குலுங்கின. அவர் அதை இருமலாக மாற்றப் பார்த்தார்.

டூக்கெ மட்டும் சிரிக்கவில்லை. மதியத்திலிருந்தே தன் தவறு என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவன், 1.9 என்ற எண்ணைக் கேட்டதும் பொறுக்க முடியாமல் யாரிடமும் சொல்லாமல் பின்கதவு வழியாக வெளியே போனான். நல்லெண்ணத்துடன் மின்விசிறியின் கம்பியைப் பிடுங்கினான்.

கூரையில் நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தாடி இறங்கியது.

அடுத்து என்ன நடக்கும் என்று ரீங்க்குக்கும் வீட்ஸ்கெக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தள்ளுவதற்கு ஆபிரகாம் இல்லை. ஆனால் அழுத்துவதற்கு மற்ற எல்லோரும் அங்கேயே நின்றார்கள்.

"நடுவுக்கு வாங்க!" என்று இருவரும் கத்தினார்கள்.

வீடு நிதானமாக நிமிர்ந்தது. நிமிர்ந்து நிற்கவில்லை. மறுபக்கம் போனது. முதலில் பாலாடைக்கட்டித் துண்டுகள் தட்டிலிருந்து இறங்கி மேசைமேல் உருண்டன. பின்னால் கடுகு விழுதுக் கிண்ணம். பிறகு காலி நாற்காலிகள் ஏழெட்டு, அழைக்கப்பட்டவைபோல், மெழுகுத் தரையில் கூட்டத்தை நோக்கி வழுக்கி வந்தன. பிஸ்கட் டப்பா விழுந்து திறந்துகொண்டது. அன்று முதல்முறையாக எல்லோருக்கும் இரண்டாவது பிஸ்கட் கிடைத்தது. நடுவுக்கு ஏறி வர முயன்றவர்கள் நாற்காலிகள்மேல் விழுந்தார்கள். அவர்கள்மேல் அடுத்தவர்கள். பெர்பர் அத்தை மட்டும் எழவில்லை. "நான் எழுந்தா இன்னும் மோசமாகும்னு நினைக்கிறேன்," என்று கண்ணாடிச் சுவரிலிருந்து குரல் கொடுத்தார். பியானோ தானாக ஒரு தாழ்ந்த சுரத்தை எழுப்பியது. மீதிக் கேக் மேசையின் விளிம்பைத் தாண்டியபோது மாக்தெல்ட் இரண்டு கைகளையும் நீட்டி அதை மார்போடு பிடித்துவிட்டார்.

"பிடிச்சுட்டேன்!" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமிதம் நகர மன்றக் கூட்டங்களில் யாரும் கேட்டிராதது.

மெல்ல மெல்ல ஆட்கள் நடுவுக்குத் தவழ்ந்து வந்தார்கள். வீடு நிமிர்ந்தது. தரையில் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினார். வீட்ஸ்கெ சுவரில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் தான் வரைந்த எதற்குள்ளும் ஆட்கள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

ரீங்க் நடையிலிருந்து வந்தார்.

"மூணு புள்ளி நாலு," என்றார். "ஐம்பது விநாடி. மணி நாலு நாற்பத்து மூணு."

சிரிப்பு நின்றது. டூக்கெ கையில் பிளக்குடன் கதவருகே நின்றான். "அண்ணே, நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..." என்று ஆரம்பித்தான். கெர்பிரந்த் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

மாக்தெல்ட் கேக்கை மேசையில் வைத்தார். மேற்சட்டையெல்லாம் கிரீம்.

"ஒரே ஒரு கேள்வி," என்றார். "ஒப்பந்தத்துல சாதாரண வீட்டுப் பயன்பாடுன்னு இருக்கு. இது சாதாரணப் பயன்பாடா?"

"கிடையவே கிடையாது!" என்றார் ரீங்க். "கூரையில ஏழு மீட்டர் பொம்மை! உலகத்துல எந்தக் கணக்குல அது வரும்? இது விபத்து. விதிவிலக்கு."

"நான் வீட்ஸ்கெயைக் கேட்டேன்."

எல்லோரும் வீட்ஸ்கெயைப் பார்த்தார்கள். இல்லை என்ற ஒரு சொல் போதும். எழுபத்து நான்கு வீடுகளும் நிற்கும், அலுவலகமும் நிற்கும். ரீங்க் கையைக் கூப்பாத குறைதான்.

வீட்ஸ்கெ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இங்க யாருக்காவது ஐம்பது வயசுல ஆபிரகாமோ சாராவோ வராம இருந்துதா?"

யாரும் கை தூக்கவில்லை.

"அப்ப இது சாதாரணம்தான். நான்தான் கணக்குல விட்டுட்டேன். எழுதிக்கங்க."

ரீங்க் பியானோவின் முக்காலியில் உட்கார்ந்தார். "பத்தொன்பது வருஷம். முதல்ல தவளை. இப்ப இது."

"எனக்கு அடுத்த மார்ச்ல ஐம்பது," என்றார் மாக்தெல்ட், குறிப்பேட்டில் எழுதியபடியே. யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு குனிந்து ஒரு பிஸ்கட்டைத் தரையிலிருந்து எடுத்து, ஊதிவிட்டுத் தின்றார்.

ஜூன் 27, வியாழக்கிழமை மாலை, ஓஸ்டர்வார்ட் நகர மன்றம் ஐம்பதாவது பிறந்தநாள் சாதாரண வீட்டுப் பயன்பாடா என்பதை இரண்டரை மணி நேரம் விவாதித்தது. ஆபிரகாம் கூரையில் நிற்பதற்கும் தோட்டத்தில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பற்றி ஒன்பது பேர் பேசினார்கள். இருபத்தேழு உறுப்பினர்களும் ஒருமனதாக, ஆம், சாதாரணப் பயன்பாடுதான் என்று முடிவு செய்தார்கள். அதன்படி வீட்டின் சாய்வு வரம்பை மீறியது. திட்டம் காலாவதியானது.

அதே கூட்டத்தில் மாக்தெல்ட் வேறொரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வீட்டின் மிதவையையும் இருபக்கமும் அறுபது சென்டிமீட்டர் அகலப்படுத்த வேண்டும். ரீங்க் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தார். அகலம் கூடியதால் ஏரியில் எழுபத்து நான்கு வீடுகளுக்கு இடம் போதவில்லை. பதினாறுக்குப் பதினொன்று என்ற வாக்குக் கணக்கில் அறுபத்தெட்டு வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. 2022 மே மாதம் முதல் குடும்பம் குடிவந்தது. ஒவ்வொரு கூரையிலும் நான்கு இரும்பு வளையங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றில் கட்டக்கூடிய பொம்மையின் அதிகபட்ச உயரம் ஏழு மீட்டர்.